மூன்றாவது அழைப்பு

கோவிந்தன் முதல் கூப்பாட்டுக்கு ஏன் என்று கேட்கமாட்டார். ஜமுனாமரத்தூரில் எல்லோருக்கும் இது தெரியும். காட்டுப்பக்கம் பேர் சொல்லிக் கூப்பிடுவது மனிதராக இருந்தால் மூன்று தடவை கூப்பிடும். மற்றதாக இருந்தால் ஒன்றோ இரண்டோ கூப்பிட்டு நின்றுவிடும் என்பது அவர் நம்பிக்கை. பிரசவ ஜீப் ஓட்டுகிற ஆளுக்கு இப்படி ஒரு கொள்கை இருந்தால் ஊர் உருப்படுமா என்று சுகாதார நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சசிகலா கேட்பாள். “நெசமான கேஸுன்னா ஒடனே கிளம்பிடுவேம்மா. உன் சோதனைக்கெல்லாம் மூணு தடவை வரணும்” என்பார்.

அன்று அவரை வைத்துத்தான் சோதனை. மலைக்கிராமங்களிலிருந்து ஜீப்பைக் கூப்பிடும் இணையதளம் பழைய சர்வரில் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அதை மூடுகிறார்கள். தளத்தைப் புதிய சர்வரில் சசிகலா ஏற்றிவிட்டாள். மிச்சம் இருந்தது நேம்சர்வர் வேலை. தளத்தின் பேரைச் சொன்னால் அது இருக்கும் இடத்துக்கு வழி சொல்வது நேம்சர்வர்; புதிதாக இரண்டு வந்திருந்தன. போளூர் ஆபீசில் ராஜ்குமார் சார் ஒரு பொத்தானை அழுத்தினால், மலை முழுக்க அந்த இரண்டில் ஏதாவது ஒன்றிடம்தான் வழி கேட்கும். தவறாகப் போனால் திருப்ப ஒரு நாள்கூட ஆகலாம். அதனால் இப்போதைக்குத் தன் கம்ப்யூட்டரை மட்டும் புதியவற்றிடம் கேட்கும்படி மாற்றி வைத்திருந்தாள்.

 தங்கை ரம்யா வீரப்பனூரில் நிறைமாதமாக இருந்தாள். அங்கே போனில் பேசினால் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். சுகாதாரப் பணியாளர் குப்பம்மா இந்தத் தளத்தில் பேரைப் போட்டு அனுப்பி, அது கோவிந்தன் போனுக்குச் செய்தியாக வந்தால்தான் ஜீப்.

படிவத்தைத் திறந்து ‘ரம்யா, வீரப்பனூர்’ என்று அடித்தாள். கைக்கு முதலில் வந்த பேர் அதுதான். அம்மா பார்த்திருந்தால் வாயிலேயே போட்டிருப்பாள்.

‘அழைப்பு கிடைத்தது. வண்டி புறப்பட்டது’ என்று திரையில் பதில் வந்தது. நாலு நிமிடம் விட்டு மறுபடி அனுப்பினாள். மூன்றாவதும் அனுப்பினாள். மூன்றுக்கும் அதே பதில். நிம்மதியாக வாசலுக்கு வந்தாள். மூடுபனி இறங்கி, ஜீப்பே மங்கலாகத்தான் தெரிந்தது.

“இன்னாண்ணா, மூணு தடவை கூப்பிட்டாச்சு. எழுந்துக்க மாட்டியா?”

“எங்க மூணு? ரெண்டுதானே வந்துச்சு. இன்னொண்ணு வரட்டும்.”

சிரித்துக்கொண்டேதான் அவர் போனை வாங்கினாள். நாலு பத்துக்கு ஒன்று, நாலு பதினாலுக்கு ஒன்று. பதினெட்டுக்கு அனுப்பியது இல்லை. உள்ளே ஓடித் திரையைப் பார்த்தாள். மூன்றாவதுக்கும் ‘வண்டி புறப்பட்டது’ என்றே இருந்தது.

 பதிலே வராவிட்டால்கூடக் குப்பம்மா வேறு வழி பார்ப்பாள், டோலி கட்டியாவது தூக்குவார்கள். புறப்பட்டது என்று சொல்லிவிட்டால் எல்லோரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படியானால் மூன்றாவதுக்குப் பதில் சொன்னது யார்?

புதிய சர்வரை அரை மணி நேரம் குடைந்தும் கோளாறு பிடிபடவில்லை. போன் அடித்தது. ராஜ்குமார்.

“சசி, மணி அஞ்சாவப்போவுது. மாத்திடட்டா?”

“சார், மூணுல ஒண்ணு வந்து சேரலை.”

“மலையில லேட்டாத்தான் வரும். ஆறு மணிக்குப் பழசு போயிடுச்சுன்னா மொத்தமா ஒண்ணுமே இருக்காது, தெரியும்ல?”

அதுவும் பயமாகத்தான் இருந்தது. அதற்குள் கோவிந்தன் ஜன்னலுக்கு வந்து போனை நீட்டினார்.

“மூணாவதும் வந்துடுச்சும்மா. சும்மா பயந்துட்ட.”

‘ரம்யா, வீரப்பனூர்.’ அவளுக்கு உயிர் வந்தது. “சார், வந்துடுச்சு சார். மாத்தி…” என்றவள், அந்தச் செய்தியின் கடைசி வரியைப் பார்த்தாள். அனுப்பியவர் பேர் இருக்கும் இடம் அது. குப்பம்மா என்றிருந்தது. நேரம் நாலு ஐம்பத்திரண்டு.

“மாத்தாதீங்க சார்” என்று கத்தினாள். ஜன்னல் பக்கம் திரும்பினாள். “அண்ணா, இது நான் அனுப்பலை. நெசம். கிளம்புண்ணா.”

கோவிந்தன் ஓடிப்போய் வண்டியை எடுத்தார். ஜீப் சத்தம் பனிக்குள் இறங்கிப் போயிற்று. குப்பம்மாவின் போன் இன்னும் பழைய வழியையே கேட்டதால் வந்த அழைப்பு அது.

இரண்டு நேம்சர்வரிடமும் தனித்தனியாக வழி கேட்டாள். முதலாவது புதிய சர்வரைச் சரியாகச் சொன்னது. இரண்டாவது, ஆறு மாதத்துக்கு முன் ஒத்திகைக்கு ஏற்றி, அப்புறம் எல்லோரும் மறந்துவிட்ட தளத்தின் நகல் ஒன்றைக் காட்டியது. அந்த நகலிலிருந்து யார் போனுக்கும் செய்தி போகாது. பதில் சொல்ல மட்டும் தெரியும்.

ராஜ்குமாரிடம் சொன்னாள்.  “பழச நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்கச் சொல்லிக் கால்ல வுழுறேன்” என்று போனை வைத்தார்.

சசிகலா அந்த நகலின் பட்டியலைத் திறந்தாள். அதில் ஒரே ஒரு வரி இருந்தது. ரம்யா, வீரப்பனூர், நாலு பதினெட்டு, வண்டி புறப்பட்டது.