தையல் அறை வழக்கு

பெங்களூர் மர்பி டவுன் நலச்சங்கத் தலைவர் சந்திரசேகரன் தும்முவதற்குக்கூட மைக் கேட்பவர். சங்கக் கட்டடத்தில் இருப்பது ஒரு மேடை, ஓர் அறை. அந்த அறையில் மௌரீன் பல வருடங்களாக அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து வந்தார். 2003 டிசம்பரில் தலைவருக்கு ஞானோதயம். தலைவர் என்றால் தனி அறை வேண்டாமா? கிறிஸ்துமஸ் முடிந்ததும் காலி செய்யும்படி மௌரீனிடம் சொல்லிவிட்டார். வேறிடம் பிடிக்க மௌரீனுக்கு வழியில்லை. வகுப்பு அத்தோடு சரி என்றே நினைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் மௌரீனின் தங்கை பிரிஜெட் லீவில் வந்தார். பெங்களூரில் வக்கீலாகத் தொடங்கி, நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் ஒரு சர்வதேச நீதிமன்றத்தில் போர்க்குற்றங்களை விசாரிக்கும் நீதிபதி ஆனவர். அங்கே சாட்சி ஒரு மொழியில் பேசுவார், வக்கீல் இன்னொன்றில். நீதிபதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மொழிபெயர்ப்பு காதுக்கு வந்து சேர்ந்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். ஊருக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. யார் பேசினாலும் முகத்தில் அசைவில்லாமல் கொஞ்ச நேரம் பார்ப்பார், அப்புறம்தான் பதில். இந்தப் பார்வையைத் தாங்காமல் பால்காரர், யாரும் கேட்காமலே, தண்ணீர் கலந்ததை ஒப்புக்கொண்டுவிட்டார்.

உலகப் புகழ் தெருமுனை வரை வந்திருக்கும்போது தலைவர் சும்மா இருப்பாரா? பாராட்டு விழாவுக்கு அழைக்க வீட்டுக்கே வந்தார்.

"நம்ம ஏரியாவுக்கே பெருமை மேடம். இந்தப் பொண்ணு பெரிய ஆளா வரும்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

பிரிஜெட் பார்த்தார்.

"சொன்னேன்னா... வாய்விட்டுச் சொல்லல. மனசுல நெனச்சேன்."

நன்றி சொல்ல பிரிஜெட் வாயெடுப்பதற்குள் தலைவர் முந்திக்கொண்டார். பேனரில் தன் படம் நீதிபதி படத்தைவிடப் பெரிதாகிவிட்டது பெயின்டரின் தவறு என்றார். பார்வை அப்படியே இருந்தது. பெயின்டரிடம் அப்படி வரையச் சொன்னதே தான்தான் என்றார். பழக்கத்தில் தொடங்கிய மௌனத்தை பிரிஜெட் இப்போது வேண்டுமென்றே நீட்டினார். தலைவர் கைக்குட்டையைத் தேடினார்.

"ரூம் விஷயமா அக்கா ஏதாச்சும் சொன்னாங்களா மேடம்? நான் சும்மா, ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கன்னுதான்..."

பிரிஜெட் இமைக்கவில்லை.

"சரி மேடம். ரூம் அவங்களுக்கே இருக்கட்டும். மேடையிலேயே சொல்லிடறேன்."

இப்போதுதான் தீர்ப்பு வந்தது.

"எழுத்துல குடுத்துடுங்க."

விழாவில், அறை இனி என்றைக்கும் தையல் வகுப்புக்கே என்று தலைவர் மைக்கில் முழங்கி, இது தன் நெடுநாள் கனவு என்றும் சேர்த்துக்கொண்டார். சங்க முத்திரை குத்திய தாளை மௌரீன் மேடையேறி வாங்கியபோது, அவர் மாணவிகள் அடித்த விசில் பக்கத்து ஏரியா அல்சூர் வரை கேட்டிருக்கும்.

"அந்த மனுஷன்கிட்ட அப்படி என்னடி வாதாடுனே?" என்று வீட்டுக்கு நடக்கும்போது மௌரீன் கேட்டார்.

"நான் எங்கக்கா வாதாடுனேன்? அவரே வாதாடி, அவரே தோத்துட்டாரு."

திங்கட்கிழமை எல்லா மெஷினும் ஓடின. புதிதாகச் சேர வந்தவர்களில் தலைவரின் மருமகளும் இருந்தாள். மௌரீன் அவளை முதல் வரிசையில் உட்காரவைத்தார்.