மாவரைக்கிறவளின் தலைமகன்

தவக்காலத்தின் மூன்றாவது ஞாயிறு, அன்பியக் கூட்டம் ஜெசிந்தாவின் வீட்டில் நடந்தது. பாலக்கரையில் அந்தத் தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபிப்பது வழக்கம். வீட்டின் முன்பகுதி மாவு மில். ஞாயிறென்பதால் ஷட்டர் இறங்கியிருந்தது. பின்னறையில் பாய் விரித்து பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கணவர் தைரியராஜ் மட்டும் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். மகன் போனதிலிருந்து அவர் ஜெபத்தில் உட்கார்வதில்லை, கோயிலுக்கும் போவதில்லை.

அன்றைக்கு வாசிப்பு, பிடித்துவைத்த ஜனங்களை விடாத எகிப்தின் மேல் கடவுள் அனுப்பிய பத்து வாதைகள். கூட்டத்தை நடத்தும் தமிழ்மணி டீச்சர் பைபிளை ஆளுக்கொரு பகுதி வாசிக்கக் கொடுத்தார். நதி ரத்தமானதை ஒருவர் வாசித்தார். தவளைகள் படுக்கைவரை ஏறியதை இன்னொருவர். கொசு என்று வந்ததும், "நம்ம உய்யக்கொண்டான் வாய்க்கால்ல இருந்து போயிருக்கும்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள். கல்மழை, வெட்டுக்கிளி, மூன்று நாள் இருட்டு என்று சுற்றி பைபிள் அவள் மடிக்கு வந்தது.

சாகப்போகிற தலைமகன்களைப் பற்றிய பகுதி. அரியணையில் இருக்கும் அரசனின் மகன் தொடங்கி, மாவரைக்கும் அடிமைப்பெண்ணின் மகன்வரை. அந்த வரியோடு நிறுத்திவிட்டாள்.

"கண்ணாடி வேணுமாக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"டீச்சர், இந்தப் பொம்பள என்ன பண்ணா?"

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். "ராஜா மனசு கல்லாயிருச்சும்மா. ஜனங்கள விடமாட்டேன்னுட்டான். அதனால..."

"அது அவன். மாவரைக்கிறவ யாரப் புடிச்சு வெச்சிருந்தா? அவளே அடிமைன்னுதான போட்டிருக்கு."

அங்கிருந்த எல்லோருக்கும் அவள் மகன் அருள்சீலனைத் தெரியும். கொரோனா இரண்டாவது அலையில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தபோது அவனுக்கு இருபத்துமூன்று வயது. தனக்கும் தொற்று இருந்ததால் ஜெசிந்தாவால் போக முடியவில்லை. தைரியராஜ்தான் தினமும் போய் வந்தார். அடக்கம் செய்யும்போதும் அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. கடவுள் சித்தம் என்று சொன்னவர்களுக்கெல்லாம் தலையாட்டினாள். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. கடைசியாக என்ன பேசினான், எப்படிப் படுத்திருந்தான், ஏதாவது கேட்டானா. அவள் கேட்க வாயெடுத்தாலே தைரியராஜ் போய் மில் சுவிட்சைப் போட்டுவிடுவார். அந்தச் சத்தத்தில் எதையும் பேச முடியாது. ஐந்து வருடமாக இப்படித்தான்.

டீச்சர் எழுந்து வந்தார். பைபிளை வாங்கி மெதுவாக மூடினார். அன்று விளக்கவுரை கிடையாது. டீ குடித்துவிட்டு எல்லோரும் வெயில் தாழும் முன்பே கிளம்பிவிட்டார்கள்.

ஜெசிந்தா பாயைச் சுருட்டும்போது தைரியராஜ் டம்ளர் எடுக்க வந்தார். எடுக்காமல் நின்றார்.

"அவளுக்குப் பேரு போட்டிருக்கா?"

"யாருக்கு?"

"அந்த மாவரைக்கிறவளுக்கு."

"இல்லங்க. அவ புள்ளைக்கும் இல்ல."

அவர் சுவரோரம் உட்கார்ந்தார்.

"சீலனுக்குத் தாடி அரிச்சுச்சு" என்றார். "மாஸ்க்குக்குள்ள. பேச மூச்சு பத்தல. கன்னத்தச் சொறிஞ்சு, கையால வழிக்கிற மாதிரி காட்டுனான். கடையெல்லாம் பூட்டியிருந்துச்சு. கடைக்காரர் ஒருத்தர் வீட்டுக் கதவத் தட்டி ஷேவிங் செட் வாங்கினேன். காலைல எடுத்துட்டுப் போறேன், பெட்டு காலியா இருக்கு."

ஜெசிந்தா சுருட்டிய பாயைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பயந்தானாங்க?"

"பயப்படல. சிடுசிடுன்னு இருந்தான். காய்ச்சல் வந்தா எப்படி இருப்பான்னு உனக்குத் தெரியும்ல."

"தெரியும்" என்றாள். கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும் அந்த முதுகு அவள் கண்முன் வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

"அந்த ஷேவிங் செட் எங்கங்க?" பாயைக் கீழே வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

அவர் எழுந்து மில்லுக்குள் போனார். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. மிஷினுக்கு மேலே இருந்த பலகையிலிருந்து எடுத்து வந்து அவள் மடியில் வைத்தார். பிரிக்காத அட்டை. ஐந்து வருட மாவு படிந்து வெள்ளையாக இருந்தது. அவள் ஊதவில்லை, தட்டவும் இல்லை. ஒரு விரலை வைத்து மெல்ல இழுத்தாள். விரல் போன தடத்தில் அட்டையின் நீலம் தெரிந்தது.