நடுவழியில் ஒரு கேள்வி

பலகையில் 'கம்பிவட இழுவை ரயில்' என்று எழுதியிருந்தாலும் ஊரில் அதற்கு விஞ்சு என்றுதான் பெயர். செங்குத்தான மேட்டுக்கு இரண்டு பெட்டிகள், ஒரே வடம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். நடுவழியில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் இரண்டும் கை எட்டும் தூரத்தில் கடக்கும். ஒரு பெட்டிக்கு, கவுண்டரில் டிக்கெட் கொடுக்கும் அக்காவின் அண்ணன் பிரேக்மேன், இன்னொன்றுக்கு அவள் புருஷன்.

ஒரு மழைக்காலையில் புருஷன் அசட்டையாக பிரேக்கை விட்டுவிட்டான். அவன் பெட்டி கீழே மேடையில் மோத, வடத்தின் மறுமுனையில் அண்ணன் பெட்டி குலுங்கி ஒரு பயணியின் கால் முறிந்தது. விசாரணையில் புருஷன் வாய் கூசாமல் சொன்னான்: "மச்சான் குடிச்சிட்டு பிரேக்கை விட்டுட்டாருங்க."

டீயைத் தவிர எதையும் தொடாத அண்ணனுக்கு வேலை போயிற்று. வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டான்.

அவள் வீட்டில் கத்தவில்லை. கவுண்டரை விட்டுவிட்டு, காலியான அண்ணன் இடத்தைக் கேட்டு வாங்கினாள். முதல் நாளே, பெட்டிகள் கடக்கும்போது ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டாள்:

"எங்கண்ணன் குடிச்சிருந்தானா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த நடையிலும் அதே கேள்வி. அதற்கடுத்த நடையிலும். வீட்டில் தட்டை வைப்பாள், பேச்சு கிடையாது. பேச்செல்லாம் அந்த நடுவழியில்தான்.

நாளாக ஆக, அவள் வாயைத் திறக்கும் முன்பே பெட்டியில் வரும் கல்லூரிப் பெண்கள் கோரஸாகக் கேட்டார்கள். "பதிலச் சொல்லித் தொலையேம்பா!" என்றார் காய்கறிக்காரர்.

ஒருநாள் அவன் உடைந்துபோனான். "இல்லடி! அவரு குடிக்கல!" என்று அலறினான். பெட்டியே கைதட்டியது. அவள் சிரிக்கவில்லை. அடுத்த நடையில் கேட்டாள்: "அப்ப பிரேக்கை விட்டது யாரு?"

அன்று மாலையே இன்ஜினியரிடம் போய் உள்ளதையெல்லாம் கக்கினான். வேலை போயிற்று. அவன் பெட்டி அண்ணனுக்குக் கிடைத்தது. ஊழியர் பாஸும் பறிபோனதால், மேட்டிலிருக்கும் வீட்டுக்குப் போக டிக்கெட் வாங்கிக்கொண்டு அவள் பெட்டி வாசலில் வந்து நின்றான்.

"இப்பவாவது மனசு ஆறிச்சா?"

"இல்ல." பாதிப் பெட்டி காலியாகக் கிடந்தது. "இடமில்ல. அடுத்த வண்டியில வாங்க."

கதவை இழுத்துச் சாத்தினாள். அடுத்த வண்டி அண்ணனுடையது. புருஷன் டிக்கெட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, தண்டவாளத்தை ஒட்டி மேட்டுக்கு ஏறும் படிக்கட்டுப் பக்கம் நடந்தான். பெட்டி ஏறும்போது, அவன் மூச்சிரைக்கக் கைப்பிடியைப் பிடித்து நிற்பது ஜன்னலில் தெரிந்தது. அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். நெஞ்சுக்கு இதமாக இருந்தது.