ஏழு கப் எண்ணெய் மிட்டாய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் மனைவி பார்வதியைக் கேட்டால் கொஞ்சம் இல்லை, ரொம்பவே நீளம் என்பாள். அந்த வாயால் நான் கெடுத்த ஒரு காரியத்தை இஃப்ஃபத் என்கிற பெண் தன் சமையலறையில் நின்றபடியே சரிசெய்தாள். அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

நான் ராஜாங்கம். குருசுக்குப்பத்தில் வீடு. காலையில் என் ஆட்டோவில் ஆறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு லாஸ்பேட்டையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். முதலில் எங்கள் குப்பத்துப் பையன் வெற்றிவேலும் இன்னும் நான்கு பேரும் ஏறுவார்கள். கடைசியாகக் கருவடிக்குப்பத்தில் அனம் ஏறுவாள். இஃப்ஃபத்தின் மகள், ஏழு வயது முடியப்போகிறது.

அனத்துக்கு வலிப்பு உண்டு. மாத்திரைக்கு மட்டும் அது அடங்கவில்லை என்று டாக்டர் ஒரு சாப்பாட்டுமுறை எழுதிக்கொடுத்திருந்தார். சோறும் சர்க்கரையும் கிராம் கணக்கில், கொழுப்பு மட்டும் தாராளமாக. அதற்குத்தான் தேங்காய் எண்ணெய். மொத்தமாகக் கொடுத்தால் குமட்டுகிறது என்று இஃப்ஃபத் பாதியை வீட்டில் கொடுத்துவிட்டு, மீதியைச் சின்ன பாட்டிலில் ஊற்றி ஆட்டோவில் குடிக்கச் சொல்லி அனுப்புவாள். இந்த முறையில் பதினான்கு மாதம் வலிப்பே வரவில்லை. பதினான்கு மாதம்!

ஒருநாள் அவள் பாட்டிலைத் திறக்கும்போது வெற்றிவேல் கத்தினான். "மாமா, அனம் பெட்ரோல் போடுறா!"

வண்டியே சிரித்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "நம்ம வண்டிக்கும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுடா, ரிசர்வ்ல ஓடுது" என்றேன். அனமும் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பாட்டில் காலியாகவே வீடு திரும்பியது. வண்டியின் இடதுபக்கம் மட்டும் புழுதி அப்பியிருந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், பிசுபிசுப்பு போகவில்லை. எதுவோ கிரீஸ் என்று விட்டுவிட்டேன். பிறகுதான் புரிந்தது, அந்தக் குழந்தை நான் பார்க்காத நேரத்தில் எண்ணெயை வெளியே ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறது. மூன்றாவது வாரம் ஏர்போர்ட் ரோட்டில் அவளுக்கு வலிப்பு வந்தது. சீட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. என் ஆயுளில் அதைவிட நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை.

மறுநாள் இஃப்ஃபத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் பெட்ரோல் பேச்சையும் சேர்த்து. காதைப் பிடித்துத் திருகியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் என் வண்டியையே பார்த்தாள்.

"அண்ணா, காலைல எட்டு மணிக்கு உங்க வண்டிக்குள்ள எவ்ளோ சூடு இருக்கும்?"

"எதுக்கும்மா?" என்றேன்.

"இனிமே அவ பாட்டில தொடமாட்டா. மிட்டாயா செஞ்சு குடுக்கலாம்னு பாக்குறேன். ஆனா கரைஞ்சிடக் கூடாதே."

அன்றிலிருந்து தினமும் எனக்கு ஒரு பரீட்சை. தேங்காய் எண்ணெயின் குணம் நமக்குத் தெரியாதா? மார்கழியில் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது, மற்ற மாதங்களில் தண்ணீர்தான். நாங்கள் இருந்ததோ புரட்டாசி வெயிலில். ஃப்ரீசரில் உறையவைத்த வில்லையை இஃப்ஃபத் என் சீட்டில் ஒரு தட்டில் வைப்பாள், கையில் போனை வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பாள். வெறும் எண்ணெய் நான்கு நிமிடத்தில் வழிந்துவிட்டது. தேங்காய்த் துருவலை வறுத்துப் பொடித்துச் சேர்த்தாள், ஏழு நிமிடம். வறுத்த எள்ளும் கொக்கோ தூளும் சேர்ந்தபிறகு பதினொரு நிமிடம் நின்றது. அவள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது நிமிடம்.

"ரெண்டு நிமிஷம் கையில இருக்கு" என்றாள். பெரிய பரீட்சையில் பாஸானவள் போல முகம்.

ருசி பார்க்கிற வேலை என்னுடையது. முதல் வில்லையை வாயில் போட்டதும், "தலையில தேய்ச்சிக்கலாம் போல இருக்கும்மா" என்று துப்பிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, நோட்டில் ஏதோ எழுதினாள். சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் ஆகாது. கடைப் பொடி, கலர், எசென்ஸ் பக்கமே அவள் போகமாட்டாள். மாடியில் தொட்டியில் வளர்த்த, இலையே இனிக்கும் சீனித்துளசியை நிழலில் காயவைத்துப் பொடித்தாள். அதிகமானால் கசந்தது, குறைந்தால் சப்பென்று இருந்தது. ஒரு சிட்டிகைக் கல்லுப்பைப் போட்டாள், கசப்பு அடங்கியது. ஏலக்காய் போட்டாள். எதைச் சேர்த்தாலும் முதலில் ஆஸ்பத்திரியில் உணவு அளவு சொல்லும் மேடத்திடம் போனில் கேட்பாள், பிறகு நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசில் நிறுப்பாள். ஒரு கிராம் கூடினாலும் எடுத்துவிடுவாள். படித்தவர்கள் செய்கிற ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதைவிடப் பெரிதாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன்.

பதினோராவது நாள் கொடுத்ததை நான் துப்பவில்லை. இன்னொன்று கேட்டேன்.

ஆனால் அனம் கேட்கவில்லை. வீட்டில் அம்மா கட்டாயத்துக்காக மென்று விழுங்குவாள். ஆட்டோவில் வாயைத் திறக்கமாட்டாள். மிட்டாய் மாதிரி இருந்தாலும் அது எண்ணெய் என்று எல்லோருக்கும் தெரியுமே. பாதி அளவு வீணானால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. கடைசியில் அவளே ஒரு நிபந்தனை போட்டாள். புதன்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். அன்றைக்கு வண்டியில் எல்லோரும் அதையே சாப்பிட வேண்டும். அவர்கள் சாப்பிட்டால் அவளும் தினமும் சாப்பிடுவாள்.

"துப்பிட்டாங்கன்னா?" என்று இஃப்ஃபத்திடம் கேட்டேன்.

"அதுக்கப்புறம் அவள சாப்பிட வைக்க எனக்கு வேற வழி தெரியாதுண்ணா" என்றாள்.

புதன்கிழமை காலை ஏழு கப் தயாராக வைத்திருந்தாள். ஓட்டலில் சட்னி கட்டித்தரும் மூடி போட்ட சின்ன கப். ஆறு பிள்ளைகளுக்கு ஆறு, எனக்கு ஒன்று. அனத்தின் கப்பில் மட்டும் அளவு பார்த்து, பச்சை ரப்பர்பேண்டு போட்டிருந்தாள். எல்லாம் ஒரு துணிப்பையில். "பள்ளிக்கூட வாசல்ல குடுங்க. பைய உங்க காலடியில வச்சுக்கோங்க, காத்து படட்டும்" என்றாள். தலையாட்டினேன்.

புதுக் கவுனில் அனம் பையை நீட்டினாள். நான் வாங்கினேன். வாங்கி, பத்து வருடப் பழக்கம், மற்ற பைகளோடு சேர்த்து பின்சீட்டுக்குப் பின்னால் தள்ளினேன். அதற்கு அடியில்தான் எஞ்சின் இருக்கிறது.

போதாக்குறைக்கு ஏர்போர்ட் ரோட்டில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம்தான் வழி. ஹாரன் அடித்து, எல்லோரையும் திட்டி, பள்ளிக்கூட வாசலுக்கு வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பையை எடுத்தபோது வெந்நீர் பாத்திரத்தைத் தொட்டது போல இருந்தது.

ஏழு கப்பிலும் எண்ணெய். அடியில் கொக்கோவும் எள்ளும் சேறாகத் தங்கியிருந்தன.

அனம் எட்டிப் பார்த்தாள். "மிட்டாய் எங்க மாமா?" அவள் உதடு பிதுங்க ஆரம்பித்தது. மற்ற பிள்ளைகள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வெற்றிவேல் வாயைத் திறக்கப்போனான். அவன் சொல்லப்போவது எனக்குத் தெரியும், அந்த வார்த்தைக்குத் துணைபோனவன் நான்தானே.

இஃப்ஃபத்துக்கு போன் போட்டேன். "கரைஞ்சிடுச்சும்மா. எஞ்சின் மேல வச்சிட்டேன். என் தப்புதான்."

அந்தப் பக்கம் சமையலறைக் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "கரைஞ்சா என்னண்ணா, ருசி எங்க போயிடும்? நல்லா குலுக்கிட்டு குடிங்க. முதல்ல நீங்க குடிங்க."

எப்படிப்பட்ட பெண் பாருங்கள். மூன்று வார உழைப்பு சட்னி கப்பில் கரைந்து நிற்கிறது, அவள் தன் கைப்பக்குவத்தை நம்பி நிற்கிறாள்.

பிள்ளைகளின் பக்கம் திரும்பினேன். "டேய், அன்னிக்கு பெட்ரோல்னு சொல்லிச் சிரிச்சேன் இல்ல? அது தப்பு. நான் பண்ண தப்பு" என்றேன். கப்பைக் குலுக்கி, மூடியைத் திறந்து, ஒரே மூச்சில் குடித்தேன். ஏலக்காய் வாசம் முதலில் வந்தது, பிறகு வறுத்த தேங்காய், கடைசியில் நாக்கின் ஓரத்தில் உப்பு. நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. விரலை விட்டு அடியிலிருந்த எள்ளையும் வழித்து நக்கினேன்.

"எனக்கு!" என்றது ஒரு குரல். வெற்றிவேல்தான். குலுக்கினான், குடித்தான், மீசை வரைந்துகொண்டான். மற்ற நான்கு பேரும் அவனைப் பார்த்துக் குடித்தார்கள். ஒருத்தி கப்பையே கிழித்து நக்கினாள். பள்ளிக்கூட மணி அடித்தது, ஒருவரும் நகரவில்லை. அனம் ஒவ்வொருவர் வாயையும் கடைசிவரை கவனித்துவிட்டு, பச்சை ரப்பர்பேண்டைக் கழற்றிக் கையில் வளையலாகப் போட்டுக்கொண்டாள். பிறகு குடித்தாள்.

மறுநாள் காலை இஃப்ஃபத் வழக்கம்போல ஒரே ஒரு கப்பை அனத்தின் கையில் கொடுத்தாள். உள்ளே வில்லை கல்லாக நின்றது. அனம் ஏறி உட்கார்ந்ததும் வெற்றிவேல் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறான்.

"கொஞ்சம் குடு அனம்."

அனம் கப்பை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "தரமாட்டேன். இது எங்கம்மா எனக்குன்னு எடை போட்டு வச்சது."

சொல்லிவிட்டு வில்லையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். இஃப்ஃபத் வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டியை எடுக்கச் சொல்லி எனக்குக் கைகாட்டினாள். கண்ணீரில் எனக்குக் கண் தெரியவில்லை, துடைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.