மிட்டாய் டப்பாவுக்குள் மாத்திரை

அந்தத் தையல் ஆலையில் மயங்கி விழுந்தவளுக்கு மறுநாளிலிருந்து வேலை கிடையாது. மேற்பார்வையாளன் வைத்த சட்டம் அது. அதனால்தான் காலர் தைக்கிறவள் தன் இரும்புச்சத்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி, புதினா மிட்டாய் டப்பாவில் போட்டுக்கொண்டு போனாள். கேட்டில் பையைத் துழாவுகிறவனுக்கு அது மிட்டாய். டீ இடைவேளையில்தான் மெஷினை விட்டு எழ முடியும், டீயோடு விழுங்குவாள். டீயோடு போனால் சத்து சரியாக உடம்பில் ஏறாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மாசக்கணக்கில் விழுங்கியும் மூச்சு வாங்கியது.

அன்று சாயங்காலம் அடுப்பு பற்றவைக்காமல் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த புருஷன் காலால் எத்தினான்.

"என்ன மகாராணி, ஓய்வா?"

"தலை சுத்துதுங்க."

அறைந்தான். மடியிலிருந்த டப்பா தெறித்துத் திறந்தது. சிவப்பு மாத்திரைகள் கட்டிலடியில் உருண்டன. அவள் மயிரைப் பிடித்துச் சுவரில் மோதுவதிலேயே அவன் மும்முரமாக இருந்தான். மூன்று வயது மகளை இருவரும் கவனிக்கவில்லை.

"அம்மா, மிட்டாய் இனிக்குது."

குழந்தையின் உதடெல்லாம் சிவப்பு. மாத்திரைகளில் பாதிக்கு மேல் காணோம்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை வாந்தியெடுத்தது. அதில் ரத்தம் இழையோடியது. பிறகு தெளிந்து, பொம்மையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"பாத்தியா, கக்கிடுச்சு, சரியாப்போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா உன் மூஞ்சி ஏன் வீங்கியிருக்குன்னு கேப்பான். உக்காரு." கதவை மறித்து நின்றான்.

"நகருங்க."

"வாய் நீளுதா?" கை ஓங்கினான்.

அவள் முக்காலியைத் தூக்கி அவன் முழங்காலில் இறக்கினாள். எலும்பில் மரம் மோதிய சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது. "நகருன்னு சொன்னேன்ல!" மிச்ச மாத்திரைகளை டப்பாவில் அள்ளிக்கொண்டு, விழுந்தவனைத் தாண்டி, பிள்ளையோடு தெருவில் ஓடினாள்.

மருத்துவர் மிச்ச மாத்திரைகளைப் பார்த்ததும் ஊசியை எடுக்கச் சொன்னார். "தெளிஞ்ச மாதிரி காட்டிட்டு உள்ளுக்குள்ள ஈரலைத் தின்னுடும்மா இது. நாளைக்குப் பாக்கலாம்னு இருந்திருந்தா பிள்ளை உனக்கில்ல. அதுசரி, மருந்தை மிட்டாய் டப்பாவுல போட்ட புத்திசாலி யாரு?" திட்டித் தீர்த்த பிறகுதான் அவள் வெளுத்த நகங்களைக் கவனித்தார். "நீ எதோட முழுங்குற? டீயா? நல்லா இருக்கு! தண்ணியோட போடு. டீயை ரெண்டு மணி நேரம் தள்ளி வை. வயிறு எரிஞ்சா சாப்பிட்டுட்டுப் போடு."

மகள் பிழைத்துக் கண் திறந்த அன்று, புருஷன் நொண்டிக்கொண்டு வந்தான். வார்டே கேட்கக் கத்தினான். "உன்னாலதான்டி! டப்பாவுல ஒளிச்சு வெச்சவ நீதானே?"

அவள் எழுந்து நின்றாள்.

"ஆமா, அட்டையோட பூட்டி வெக்காதது என் தப்புதான். ஏன் ஒளிச்சேன்? சொன்னா அங்க வேலை போகும், இங்க உதை விழும். உடம்புல ரத்தம் கம்மியா இருக்கறது வியாதிய்யா, குத்தமில்ல. வியாதியை ஒளிக்க வெச்சா மருந்தே விஷமாகும். இனிமே எல்லாரும் பாக்கத்தான் மாத்திரை போடுவேன். பிள்ளைக்கு எட்டாத இடத்துல வெப்பேன்." பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். "உன்னையும்தான்."