சூரை மீனும் போலி ஒவ்வாமையும்

1

தாம்பரத்தில் ஒரு கிளினிக்கில் சர்க்கரை பார்க்கக் காத்திருந்தபோது காதில் விழுந்த சொல் அது: போலி ஒவ்வாமை. ஒவ்வாமை மாதிரியே தடிக்கும், வீங்கும், மூச்சு இழுக்கும். ஆனால் ஒவ்வாமை இல்லை. அந்தச் சொல்லுக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று குப்பம்மாவைக் கதைக்குள் கொண்டுவந்தேன். இரும்புலியூரில் இருபது வருஷமாக மீன் விற்கிறவள்.

2

அன்று கடல் கொந்தளித்து... (வேண்டாம். இரும்புலியூரில் ஏது கடல்?)

நேராகவே சொல்கிறேன். நல்ல மீன் வாடிக்கைக்கு, மிஞ்சினது வீட்டுக்கு என்பது குப்பம்மாவின் சட்டம். அன்று மிஞ்சியது, ஐஸ் தீர்ந்து மதியமெல்லாம் வெயிலில் கிடந்த சூரை. குழம்பு வைத்து அம்மாவும் மகளும் சாப்பிட்டார்கள். அரை மணியில் மகள் ஷர்மிளாவுக்கு முகம் சிவந்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. குப்பம்மா அவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

3

ஊசி போட்டு மூச்சு சீரானதும் டாக்டர் சத்யப்ரியா கேட்டார்.

"கூட சாப்பிட்டவங்க யாருக்காவது இப்படி ஆச்சாம்மா?"

"இல்ல மேடம்." குப்பம்மா முந்தானையைக் கழுத்தோடு இழுத்து மூடிக்கொண்டாள்.

"அப்போ மீன் அலர்ஜின்னுதான் எழுதணும். இனிமே இவங்க மீன் சாப்பிடவும் கூடாது, தொடவும் கூடாது."

ஷர்மிளா அம்மாவைப் பார்த்தாள். அடுத்த மாதம் கூடுவாஞ்சேரியில் தனியாக மீன் கடை போடப் போகிறவள், பெயர்ப்பலகைகூட எழுதியாகிவிட்டது.

(இந்த இடத்தில் மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. தன் மீன் கெட்டது என்று ஒரு மீன்காரி தன் வாயால் சொல்வாளா? எனக்கு நம்பிக்கை இல்லை.)

குப்பம்மா முந்தானையை விலக்கினாள். கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"எனுக்கும் அரிச்சிகினுதான் கீது மேடம். பொண்ணு ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. மீனு வெயில்ல கெடந்துச்சு. தப்பு என்னுது."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, 'போலி ஒவ்வாமை' என்று எழுதினார்.*

நான் படைத்தவள்தான். ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

* ஒவ்வாமையில் நம் உடம்பு சுரக்கும் ஹிஸ்டமின், கெட்ட சூரையில் தானே ஊறிவிடும்; யார் சாப்பிட்டாலும் தடிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது.

4

மறுநாள் கடையில் ஒரு வாடிக்கையாளர் கேட்டார். "பொண்ணுக்கு மீன் ஒத்துக்கலையாமே?"

முதலில் நான் எழுதிய பதில்: "ஆமா சார், அவ ஒடம்பு வாகு..." அடித்துவிட்டேன். அவள் வாயில் அது நிற்கவில்லை.

"என் மீனுதான் சார் கெட்டுப்போச்சு. ஐஸ் இல்லாத மீனு இனிமே வாடிக்கைக்கும் கெடையாது, என் வூட்டுக்கும் கெடையாது. இன்னா, வஞ்சிரம் வெட்டட்டா?"

அந்த வாடிக்கையாளர் நீங்கள்தான். பையை நீட்டுவீர்களோ திரும்பி நடப்பீர்களோ, அதை நான் எழுதப் போவதில்லை. அவள் தலை நிமிர்ந்து காத்திருக்கிறாள். கத்தி கையில் இருக்கிறது.