லிஸ்ட்டில் முதல் பெயர்

உலகத் தரவரிசையில் எனக்கு நானூற்று முப்பத்தெட்டாவது இடம். டென்னிஸில்தான். கேட்பவர்கள் முதலில் "அடேயப்பா!" என்பார்கள், பிறகு யோசித்துப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். பதினோரு வருஷமாக ஆடுகிறேன். இப்போது வந்திருப்பது மாதிரிப் பெரிய போட்டியின் முதல் சுற்றில் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. எப்போதும் தகுதிச் சுற்றோடு மூட்டை கட்டிவிடுவேன்.

இந்தத் தடவையும் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் மண்ணைக் கவ்வினேன். ஆனால் தோற்றவர்களுக்கென்று ஒரு லிஸ்ட் உண்டு. லக்கி லூசர் என்பார்கள். முதல் சுற்றில் ஆட வேண்டிய யாராவது கடைசி நேரத்தில் விலகினால், லிஸ்ட்டில் முதலில் இருப்பவளுக்கு அந்த இடம். முதலில் இருந்தது நான்தான்.

ஆகவே காலையிலிருந்து உடை மாற்றும் அறையில் கொக்கு மாதிரி காத்திருந்தேன். யார் இருமினாலும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒருத்தி தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பார்த்தால் பையின் வார்தான் அறுந்திருந்தது. நான் நல்ல பெண்தான். அன்றைக்கு மட்டும் இல்லை.

பத்து மணிக்கு அம்மா போன் செய்தாள்.

"யாராச்சும் விழுந்தாங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"வேண்டிக்கட்டுமா?"

"சும்மா இரும்மா!" என்றேன். அப்புறம் மெதுவாக, "பெருசா ஒண்ணும் வேண்டாம். லேசா சளி, அந்த மாதிரி ஏதாவது" என்றேன்.

பதினொன்றரைக்கு நெட்டை நொண்டிக்கொண்டு வந்தாள். நெட்டை என் அறைத்தோழி. ஆறு வருஷமாக ஊர் ஊராக ஒன்றாகச் சுற்றுகிறோம். என்னைவிட நூறு இடம் மேலே இருப்பதால் அவளுக்கு நேராக முதல் சுற்று. பயிற்சியில் கணுக்கால் பிசகிவிட்டதாம். ஆட்டம் பன்னிரண்டுக்கு. வேண்டியே விட்டாளே என்று அம்மாவை மனதுக்குள் கரித்துக்கொட்டினேன்.

பிசியோ அறையில் ஒரே கூட்டம். நெட்டை பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து, "நீயே பாருடி" என்றாள். டேப் சுற்றுவதில் நான் கெட்டிக்காரி. எங்களை மாதிரி ஆட்களோடு கூடவே வர பிசியோ ஏது? எல்லாம் கைவைத்தியம்தான். காலைத் திருப்பிப் பார்த்தேன். வீக்கம் இல்லை. எலும்பை அழுத்தினேன். வலி இல்லை. இறுக்கி டேப் சுற்றிவிட்டு, ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். முகம் சுளித்தாள், ஆனால் குதித்தாள்.

"ஆடலாமாடி?"

"வேண்டாம்" என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் கேட்டிருப்பாள். என்ன அக்கறை என்றுதான் நினைத்திருப்பாள். அடுத்த அரை மணியில் அந்தக் கோர்ட்டில் நான் நின்றிருப்பேன்.

"ஆடு" என்றேன். "மொதல் ரெண்டு கேம் வலிக்கும். அப்புறம் சரியாயிடும்."

அப்படியேதான் ஆனது. மூன்று செட் ஆடி ஜெயித்தாள். முதல் செட் முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. மூன்றாவதில் அவளுக்காகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

வெளியே வந்தவளைப் பிடித்துக் கேட்டேன். "அத்தனை பேர் இருக்கும்போது என்கிட்ட ஏன்டி கேட்ட? லிஸ்ட்ல மொதல்ல இருக்கறது நான்னு தெரியாதா?"

"தெரிஞ்சுதான் கேட்டேன்" என்றாள் நெட்டை, தண்ணீரைக் குடித்துக்கொண்டே. "மத்தவங்க ஆடுன்னு சொன்னா எனக்குச் சந்தேகமா இருக்கும். நீயே ஆடுன்னு சொன்னா, நிஜமாவே கால்ல ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?"

"அடிப்பாவி!" என்றேன். கோபப்படத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது.